கீழிருந்து அடித்த வெயில்

1

போன வருஷம் இதே நாள் மத்தியானம் மரக்காணம் உப்பளத்தின் மேல் எங்கள் விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இங்கே பிரான்சில், தூலூஸில் மழை. உச்சி வேளையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக்கும் வேலையை இப்படி ஓர் ஊரில் வைத்து யார் செய்யச் சொன்னது என்று ஊரிலிருந்து வரும் கடிதங்களில் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். யந்திரங்கள் இங்கே இருக்கின்றன, வெயில் அங்கே இருக்கிறது. இரண்டையும் ஒரு நாள் ஒரே இடத்தில் சேர்த்தோம். அந்தக் கதைதான் இது.

நான் குடியிருப்பது சவரிமுத்து மாமா வீட்டு மாடியறையில். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். அவர் மகள் ரோஸ்லினுக்கு எட்டு வயது. இங்கேயே பிறந்தவள். மாமா தமிழில் கேட்பார், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். சாப்பாட்டு மேசையில் தினமும் இது நடக்கும். "பாப்பா, தமிழ்ல சொல்லும்மா" என்று அவர் கெஞ்சினால், அதே பதிலை இன்னும் வேகமான பிரெஞ்சில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். மாமா என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

என் அறைச் சுவரில் ஒரு புகைப்படம் ஒட்டியிருக்கிறேன். உப்புக் குவியலுக்கு முன்னால் இரண்டு பெண்கள், கையில் உப்பு வாரும் பலகை. இருவருக்கும் கண்ணைத் தவிர முகம் முழுக்கத் துண்டு. மேலேயிருந்து போட்ட முக்காடு இல்லை. தாடைக்குக் கீழேயிருந்து மேல்நோக்கி இழுத்துக் கட்டிய கட்டு. இன்று காலை ரோஸ்லின் அதைப் பார்த்துவிட்டு, அதிசயமாகத் தமிழிலேயே கேட்டாள்.

"இவங்க ரெண்டு பேரும் திருடங்களா?"

ஒருத்தி என் அக்கா மல்லிகா என்றேன். அப்படியானால் ஏன் முகத்தைக் கட்டியிருக்கிறாள் என்று கேட்டாள். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். அதற்குள் உங்களுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் செய்யும் வேலை இதுதான். மஞ்சளாக மினுக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. எவ்வளவு சூடு பட்டாலும் உருகாது. காற்று இல்லாத பெட்டிக்குள் அதை வைத்து, அதன் மேல் காட்மியம் சல்பைடு என்ற பொருளை ஆவியாக்கிப் படிய வைக்கிறோம். பாலில் ஆடை படிகிற மாதிரி, அதை விட மெல்லிசாக. அதற்கு மேல் செம்பு கலந்த இன்னொரு படலம். வெயிலில் வைத்தால் தாளிலிருந்து மின்சாரம் வரும்.

இப்போது விண்வெளிக்குப் போகிற கலங்களில் ஒட்டுவது சிலிக்கன் வில்லைகள். நன்றாக வேலை செய்யும். ஆனால் கனம். விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி உடையும். எங்கள் தாள் அப்படியில்லை. பாய் மாதிரி சுருட்டலாம், கத்தரிக்கோலால் வெட்டலாம், வளைந்த இடத்தில் ஒட்டலாம். ஒரே குறை, அதே அளவு சிலிக்கன் தருவதில் பாதி மின்சாரம்கூட இது தராது.

அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டுதான் மேலிடம் எங்கள் பிரிவை மூடப் பார்த்தது. எங்கள் தலைவி மதாம் மிரேய். நாற்பது வயதிருக்கும், ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். அவர் கமிட்டியிடம் சண்டை போட்டு ஒரு வாய்ப்பு வாங்கி வந்தார். பேட்டரி இல்லாமல், இந்தத் தாளின் மின்சாரத்தில் மட்டும், ஒரு சிறிய விமானம் அரை மணி நேரம் பறந்து காட்ட வேண்டும். ஆள் ஏறாத விமானம்தான், தரையிலிருந்து ரேடியோவால் ஓட்டுவது. பறந்தால் பிரிவு பிழைக்கும். இல்லாவிட்டால் மூடுவார்கள். பிரிவை மூடினால் எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடையாது.

அந்த அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் புதுப்பிக்க வருஷா வருஷம் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். பிரெஞ்சிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' உண்டு. நான் பேச்சுப் பிரெஞ்சைப் பழகியது மாணவர் விடுதியில். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். முதல் தடவை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நரைத்த மீசைக்காரரிடம், "நீ என் காகிதத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டேன். ஊரில் ஒரு பெரியவரை வாய் தவறிக்கூட ஒருமையில் கூப்பிடாதவன் நான். அவர் என் காகிதத்தை எடுத்து, மெதுவாக, கட்டின் அடியில் வைத்தார். அன்று கடைசி ஆளாகத்தான் வெளியே வந்தேன்.

இரண்டு தடவை இங்கேயே பறக்கவிட்டுப் பார்த்தோம். முதல் தடவை மேகம் வந்து மூடியது. அடுத்த தடவை வெயில் இருந்தது, ஆனால் சோகை பிடித்த வெயில். விமானம் புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிவிட்டது. மூன்றாவது வாய்ப்புக்குக் கமிட்டி ஒப்புக்கொண்டபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "எங்கள் ஊருக்கு வாருங்கள் மதாம். மரம் இல்லை, மேடு இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை சமதரை. சித்திரை மாதத்தில் மேகம் எப்படியிருக்கும் என்பதே மறந்துபோகும்" என்றேன். அவர் சிகரெட்டை அணைத்துவிட்டு, ஊர் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார்.

3

மெட்ராஸில் இறங்கியதும் சுங்க அதிகாரி எங்கள் பெட்டியைத் திறந்தார். உள்ளே பொன் நிறத்தில் சுருள் சுருளாகத் தாள். பக்கத்தில் வெள்ளைக்காரப் பெண்மணி. அதிகாரியின் முகம் மாறிவிட்டது. இது தங்கம் இல்லை, பிளாஸ்டிக் என்றேன். தங்கம் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் வேறென்ன சொல்வார்கள் என்பது போலப் பார்த்தார். தராசில் போட்டார்கள். முள் அசையவே இல்லை. அதில்தான் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசியில் நான் ஒரு துண்டுத் தாளில் சின்ன மோட்டாரை மாட்டி, ஜன்னல் வெயிலில் நீட்டினேன். மோட்டாரில் செருகியிருந்த காகிதச் சிறகு சுற்றியது. கையால் மறைத்தேன், நின்றது. எடுத்தேன், சுற்றியது. அதிகாரி தன் கையாலும் ஒருமுறை மறைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்து அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். முத்திரை குத்திய பிறகும் எங்களை விடவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்து, இதை வீட்டு விசிறிக்கு வைக்க முடியுமா என்று கேட்டார்.

திண்டிவனத்தில் இறங்கி மரக்காணம் பஸ் பிடித்தோம். மடித்த இறக்கை பஸ்ஸுக்குள் நுழையவில்லை. கூரை மேல், முருங்கைக்காய்க் கட்டுக்கும் கோழிக்கூடைக்கும் நடுவில் அதைக் கட்டி, நானும் மேலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தேன்.

அளத்தில் மேஸ்திரி ஏழுமலை எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது செருப்பைக் கழற்றுங்கள் என்றுதான். உப்புப் பாத்தி வரப்பில் எவராக இருந்தாலும் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். மதாம் மறுபேச்சில்லாமல் கழற்றினார். பெரிய ஓலைத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வரப்பில் கொக்கு மாதிரி கால் எடுத்து வைத்து வந்தார். அளத்துப் பெண்கள் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

உச்சிப் பொழுதில் பறக்கவிட்டோம். நான் கையால் வீசினேன், மதாம் ரேடியோப் பெட்டியைப் பிடித்திருந்தார். விமானம் ஏறியது. பனை உயரம் போனது. அப்புறம் ஏறவில்லை. மோட்டாரின் சத்தம் சோர்ந்தது. இரண்டு சுற்று முடிவதற்குள் தாழ்ந்து, வரப்பு ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

காரணம் எங்கள் இருவருக்கும் உடனே தெரிந்தது. சூடு. இந்தத் தாள்கள் சூடேறினால் மின்சாரம் குறையும். தூலூஸை விட இரண்டு மடங்கு வெயில் கிடைக்கும் என்று கணக்குப் போட்ட நான், அந்த வெயிலோடு கூடவே வரும் சூட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஊர் வெயிலைப் பற்றி ஊர்க்காரனே பெருமையடித்துக் கோட்டை விட்டால் எப்படியிருக்கும்? மதாம் திட்டவில்லை. உப்புக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, சிகரெட்டைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அக்கா மல்லிகா விட்டுவைக்கவில்லை. அவள் அதே அளத்தில் உப்பு வாருகிறவள்.

"இன்னாடா சேகரு, கடலு தாண்டிப் போயி இதத்தான் கத்துக்கினு வந்தியா? நம்மூரு காத்தாடியே இத வுட நல்லா பறக்குமே."

4

சாயங்காலம் வீட்டில் அக்கா தேநீர் போட்டுக் கொடுத்தாள். மதாம் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்ததும் அக்கா "அய்யய்யோ" என்றாள்.

நெற்றி வெள்ளையாக, புதுசாக இருந்தது. ஆனால் தாடை, தொண்டை, மூக்கின் அடிப்பக்கம், காதுமடலின் கீழ்ப்பக்கம் எல்லாம் வெந்த இறால் நிறம். அக்கா கொல்லையிலிருந்து கத்தாழையைப் பிளந்துகொண்டு வந்து அவர் தொண்டையில் தடவத் தொடங்கினாள். "அந்தம்மாவ கூட்டினு வந்தியே, மூஞ்சக் கட்டணும்னு சொன்னியா? தொப்பியாம் தொப்பி" என்று என்னைத்தான் திட்டினாள்.

நான் சிரித்தேன். எங்கள் அளத்துக்குப் புதிதாக வருகிற எல்லாருக்கும் நடப்பதுதான் இது. உப்பின் மேல் விழுகிற வெயில் அங்கேயே நிற்பதில்லை. திரும்பி மேலே வந்து அடிக்கும். குடை பிடித்தாலும் தாடை வேகும். அதனால்தான் துண்டைக் கீழேயிருந்து கட்டுகிறார்கள். சின்ன வயதில் எனக்கே அம்மா அப்படிக் கட்டிவிட்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதால் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து மதாமிடம் நீட்டினேன்.

"உங்கள் தாடையைப் பாருங்கள். வெயில் எங்கேயிருந்து வந்தது?"

அவர் கண்ணாடியைச் சாய்த்துத் தாடையைப் பார்த்தார். பிறகு திரும்பி, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த விமானத்தைப் பார்த்தார். இறக்கையின் மேல்பக்கம் முழுக்கப் பொன் தாள். அடிப்பக்கம் வெறும் காகிதம்.

"மிச்சம் எத்தனை சுருள் இருக்கிறது?" என்றார்.

இதைச் சிலிக்கன் வில்லையில் நினைத்தே பார்க்க முடியாது. அடிப்பக்கத்திலும் வில்லைகளை ஒட்டினால் அந்தக் கனத்தில் விமானம் எழும்பாது. அடி வயிறு வளைவாக இருப்பதால் வில்லை ஒட்டவும் ஒட்டாது. எங்கள் தாளோ முள்ளை அசைக்காத தாள். வளைகிற தாள். கமிட்டி எதையெல்லாம் விளையாட்டுச் சாமான் குணம் என்று சொன்னதோ, அவை இரண்டும்தான் இப்போது வேண்டியிருந்தன.

மறுநாள் முழுக்க அதே வேலை. ஒட்டுவதற்குக் கொண்டுவந்த பசை போதவில்லை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாங்கினேன். ரேடியோ ரிப்பேர் கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கம்பிகளைப் பற்றவைத்தோம். கடைக்காரர் விமானத்தில் பாட்டு கேட்குமா என்று மட்டும் கேட்டார், கேட்காது என்றதும் ஆர்வம் போய்விட்டது.

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. இதை மேஸ்திரியிடம்தான் தீர்க்க வேண்டும். உப்பை விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் வாரிக் குவித்துவிடுவார்கள். நாங்கள் பறக்கவிட்ட உச்சி நேரத்தில் பாத்திகள் காலி. கறுத்த களிமண்ணும் புதுத் தண்ணீரும்தான். குவியலின் ஓரம் உட்கார்ந்ததால் மதாமின் தாடை வெந்தது. விமானத்துக்குக் கீழே அந்த வெள்ளை இல்லை. வாராத உப்பு வேண்டும், பாத்தி பாத்தியாக, உச்சி வெயில் வரைக்கும்.

மேஸ்திரி ஏழுமலை காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"ஏம்பா, உப்பு அப்பிடியே கெடக்கும், அது ஒண்ணும் ஓடிப்பூடாது. உச்சி வெயில்ல எவ வந்து வாருவா? நீ வாருவியா?"

அந்த நேரத்தில் வாருவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கண் கூசும், காலடியில் கொதிக்கும், மேலும் கீழும் வெயில். என் பிரிவு பிழைக்க வேண்டும் என்பதற்காக அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற அக்காதான் திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்கி ஒரு நாளு உச்சியில வாருங்கடி. என் தம்பிய பிரான்ச வுட்டுத் தொரத்திடுவாங்களாம். தொரத்துனா இங்கதான் வருவான், வந்து என் தலையிலதான் ஒக்காருவான்."

சிரித்தார்கள். அதில் ஒருத்தி, அந்த வெள்ளைக்காரம்மாவும் எங்களோடு ஒரு பாத்தி வாரினால் சரி என்றாள். நான் மதாமுக்கு மொழிபெயர்த்தேன், வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயத்தோடு. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டினார். ஒப்பந்தம் முடிந்தது.

5

அடுத்த நாள் உச்சியில் அளம் முழுக்க வெள்ளை. பாத்திக்குப் பாத்தி, வரப்பைத் தவிர ஒரு கறுப்பு கிடையாது. கண்ணைப் பாதி மூடித்தான் நிற்க முடிந்தது. மதாமுக்கு அக்கா துண்டு கட்டிவிட்டிருந்தாள், தாடையிலிருந்து மேலே. பெண்கள் பலகைகளை ஊன்றிக்கொண்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தோல்வியும் வெற்றியும் அன்று அவர்களுக்குச் சினிமா.

விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கினேன். வீசுவதற்கு முன்பே விமான விசிறியின் சத்தத்தில் வித்தியாசம் தெரிந்தது. முதல் நாள் அது முனகியது. இன்று கைக்குள் திமிறியது.

வீசினேன். ஏறியது. பனை உயரம் வந்தது. அதையும் தாண்டி ஏறியது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் மதாம் அகலமாகத் திருப்பியதில், அது அளத்தை விட்டுப் பக்கத்துக் கழுவெளி ஏரித் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டது. கறுத்த தண்ணீர். விமானம் அங்கே போனதுமே தாழ ஆரம்பித்தது. நான் வரப்பில் ஓடினேன். "திருப்புங்கள், உப்புக்குத் திருப்புங்கள்" என்று கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது. மதாம் திருப்பினார். வெள்ளைப் பாத்தியின் விளிம்பைத் தாண்டியதும், நான் கண்ணால் பார்த்தேன், யாரோ அடியில் கை கொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி அது எழும்பியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நாங்கள் ஜெயித்துவிட்டோம். கணக்கு வேண்டியதில்லை. தண்ணீர் மேல் இறங்குகிறது, உப்பு மேல் ஏறுகிறது. அளத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரிந்தது. ஏழுமலை மேஸ்திரி தன் பங்குக்கு, "ஏய், அந்தாண்ட வுடாதம்மா, உப்பு மேலயே ஓட்டு" என்று மதாமுக்கு உத்தரவு போட ஆரம்பித்துவிட்டார். மதாமும் தலையாட்டினார்.

அரை மணி நேரம் ஆனது. விமானம் இறங்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. சத்தம் துளிக்கூடக் குறையவில்லை. கடற்காற்று கிளம்பியும் தடுமாறவில்லை. மதாமின் கன்னத்தில் துண்டுக்கு மேலே கண்ணீர் வழிந்து உப்புத் தூளோடு காய்ந்திருந்தது. எனக்கு ஆடத் தோன்றியது, ஆடினேன். உப்புப் பாத்தியில் கால் வைத்தால் மேஸ்திரி திட்டுவார் என்று வரப்பிலேயே ஆடினேன்.

பெண்கள் முதலில் கைதட்டினார்கள், பிறகு பேச ஆரம்பித்தார்கள், பிறகு கொட்டாவி விட்டார்கள். கடைசியில் அக்கா எழுந்து பலகையைத் தூக்கினாள்.

"போதும் எறக்குடா. உப்பு வாரணும்."

இறக்கினோம்.

6

அன்று மதாம் மிரேய் ஒரு பாத்தி உப்பு வாரினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மேஸ்திரி எங்கள் கேமராவால் எடுத்த படம்தான் என் சுவரில் இருப்பது.

தூலூஸ் திரும்பியதும் மதாம் அறிக்கை எழுதினார். பறந்த நேரம், உயரம், காற்று எல்லாம் எழுதிவிட்டு, விமானம் தரையிறங்கிய காரணம் என்ற இடத்தில் நிறுத்தினார். அந்த இடத்தில் வழக்கமாக எழுதுவது மேகம், காற்று, மின்சாரக் குறைவு, இப்படி ஏதாவது. அவர் எழுதினார்: "உப்பு வார வேண்டியிருந்தது."

கமிட்டியில் அதை ஒருவர் சத்தமாகப் படித்தார். இது என்ன வேடிக்கை என்று கேட்டார். மதாம் எழுந்து, வேடிக்கை இல்லை, எங்களிடம் மின்சாரம் தீரவில்லை, அந்த ஊர்ப் பெண்களின் பொறுமைதான் தீர்ந்தது என்றார். எங்கள் பிரிவு நிலைத்தது. ஆட்களும் கூடினார்கள். இந்த வருஷம் வரிசையில் நின்றபோது நரைத்த மீசைக்காரரிடம் எல்லா வினைச்சொல்லையும் 'நீங்கள்' போட்டுப் பேசி அனுமதி வாங்கினேன். அவர் என் தொழில் என்ன என்று கேட்டார். சொன்னேன். இந்தத் தடவை காகிதத்தைக் கட்டின் மேலே வைத்து முத்திரை குத்திக் கொடுத்தார்.

இப்போது நாங்கள் செய்வது விண்கலத்துக்கான தாள். சுருட்டி அனுப்பினால் மேலே போய்ப் பாய் மாதிரி விரிய வேண்டும். போன வாரம் அதன் வரைபடத்தில் மதாம் ஒரு மாற்றம் செய்தார். பூமியைப் பார்க்கிற பக்கத்திலும் தாள் ஒட்டச் சொல்லிவிட்டார். மேகமும் பனியும் வெயிலைத் திருப்பி மேலே அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கேயிருந்து பார்த்தால் மொத்த பூமியும் ஓர் உப்பளம்தான். அந்த மாற்றத்துக்கு எங்கள் கூடத்தில் எல்லாரும் வைத்திருக்கும் பெயர் 'மரக்காணம்'. பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சொல்லும் விதத்தை நீங்கள் கேட்க வேண்டும்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் ரோஸ்லின் வந்துவிட்டாள். சாயங்காலம் ஆகவில்லை, ஆனாலும் வந்துவிட்டாள். முழுக் கதையையும் சொன்னேன். பாதியில் எழுந்துபோய்ப் படத்தின் அருகே நின்றாள். நம் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாரே மதாம் மிரேய், அவர்தான் அந்த இன்னொரு திருடன் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிகரெட் நெடி வீசும், எப்போதும் கோட்டுப் போட்ட மதாமா?

"அவங்களுக்கு உப்பு வார வருமா?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். கீழே மாமா காதில் விழுந்திருக்க வேண்டும், படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் நின்றது.

"ஒரு பாத்தி வாருனாங்க" என்றேன். "அத அக்கா திரும்ப வார வேண்டியிருந்துது."